4 ஜிபி கார்டும் 4 ஜிபி கார்டும் ஒன்றல்ல

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பினான். கிராபிக்ஸ் கார்டு அட்டைப்பெட்டி. என்விடியா ஜிடி 730. பக்கத்தில் கொட்டை எழுத்தில் "4 ஜிபி". கூடவே ஒரு செய்தி: "மாமா, புதுசே நாலாயிரத்துச் சொச்சம்தான். ஜிடிஎக்ஸ் 1650-உம் 4 ஜிபிதானே? அது செகண்ட் ஹேண்டே ஏழாயிரம் சொல்றாங்க. இதையே வாங்கிடட்டுமா?"

பணம் அக்கா கொடுத்தது. தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த சமயத்தில் பத்தாயிரம் எடுத்து வைத்து, "இத்தோட சரி, இனிமே கேக்கக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆக, தப்பாக வாங்கினால் மாற்றிக்கொள்ள வழியில்லை. அவனுக்கு எழுதி அனுப்பிய குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். கார்டு விலையும் தக்காளி விலை மாதிரிதான், இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். அதனால் எந்தக் கார்டு என்பதைவிட எப்படிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

குடோனும் வாசலும்

ஜிபி என்பது குடோனின் அளவு. எவ்வளவு பெட்டி அடுக்கலாம் என்று சொல்லும். ஆனால் லாரி காத்துக்கொண்டிருக்கும்போது குடோன் அளவு மட்டும் போதாது. வாசல் எவ்வளவு அகலம், ஆட்கள் எவ்வளவு வேகம் என்பதும் வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் அந்த வாசலின் பெயர் மெமரி பஸ். அதை 'பிட்' கணக்கில் சொல்வார்கள்.

கணக்கு சுலபம். பஸ் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால், ஒரு வினாடிக்கு எத்தனை ஜிகாபைட் போய் வரும் என்று தெரிந்துவிடும்.

64 பிட் டிடிஆர்3 மெமரி உள்ள ஜிடி 730: 64 × 1.8 ÷ 8 = 14.4.
2019-இல் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650: 128 × 8 ÷ 8 = 128.

இரண்டும் 4 ஜிபிதான். ஆனால் ஒன்றின் வாசல் மற்றதைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு. கணக்குப் போடும் கோர்களும் 384-க்கு எதிராக 896. ஜிடி 730-இல் அந்த 4 ஜிபியை நிரப்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அதன் சிப்புக்கே தெம்பு கிடையாது. மெமரியை அதிகமாக வைப்பது பெட்டியில் பெரிதாக எழுதத்தான் உதவும்.

இன்னொரு சிக்கல், ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு வருவது. 2014-இல் வந்த ஜிடி 730-லேயே மூன்று வகை உண்டு. ஜிடி 1030-க்கு முதலில் ஜிடிடிஆர்5 மெமரி, வினாடிக்கு 48 ஜிகாபைட். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒன்று வந்தது, அது 16.8 மட்டுமே. ஆர்டிஎக்ஸ் 3050-உம் அப்படித்தான். 8 ஜிபி வகையில் 2560 கோர், 128 பிட். 2024-இல் வந்த 6 ஜிபி வகையில் 2304 கோர், 96 பிட். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை ஜிபி?" அல்ல. "எந்த மெமரி, எத்தனை பிட்?" பதில் வராவிட்டால் மாடல் நம்பரை நெட்டில் தேடிப் பாருங்கள்.

உங்கள் மிஷின் என்ன தாங்கும்?

அவனிடம் இருப்பது ஆபீசில் ஓய்வுபெற்று விலைக்கு வந்த பழைய டவர் கம்ப்யூட்டர். நம் ஊர்ப்பக்கம் பலரிடம் அதுதான் இருக்கிறது. அதனால் கார்டைப் பார்க்கும் முன் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

எஸ்எம்பிஎஸ் 300 வாட். அதிலிருந்து கார்டுக்கென்று 6 பின், 8 பின் கேபிள் எதுவும் வரவில்லை. மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். ஆக 75 வாட்டுக்குள், தனி கேபிள் கேட்காத கார்டுதான் அவனுக்கு ஆகும். ஆர்எக்ஸ் 6600 அருமையான கார்டு, ஆனால் 132 வாட் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கார்டு விலையோடு கூட்டித்தான் "சீப்பா, இல்லையா" என்று சொல்ல முடியும். கேபினெட் ஒல்லியான வகை என்றால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும் என்பதையும் அளந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்லாட்டும் முக்கியம். 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலே நாலு லேன் வழியாகத்தான் மதர்போர்டோடு பேசும். பிசிஐஇ 4.0 போர்டில் சமாளித்துவிடும். 3.0 உள்ள பழைய போர்டில் அந்த வழி பாதியாகிவிடும். மெமரி நிரம்பி வழியும்போது கேம் திக்கித் திக்கி ஓடும். ரிவ்யூவில் வந்த பிரேம் கணக்கு உங்கள் வீட்டில் வராததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

அடுத்து மானிட்டர். 1080பி என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளி. 4கே என்றால் அதைப்போல் 4 மடங்கு. 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு 140 பிரேம் தரும் கார்டு வாங்கினால், பாதிக்கு மேல் திரையில் தெரியவே தெரியாது.

ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய்?

கடைசிக் கணக்கு இது. நீங்கள் ஆடும் கேமில், உங்கள் ரெசல்யூஷனில் கார்டு தரும் சராசரி பிரேமால் மொத்தச் செலவை வகுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 4,200 ரூபாய்க் கார்டு 12 பிரேம் தருகிறது, ஒரு பிரேம் 350 ரூபாய். 7,000 ரூபாய்க் கார்டு 50 பிரேம் தருகிறது, ஒரு பிரேம் 140 ரூபாய். விலை குறைந்த கார்டுதான் இங்கே காஸ்ட்லி. அதுவும் 12 பிரேமில் கேமே ஆட முடியாது என்பதால், போட்ட காசு முழுசும் தண்டம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

2022 செப்டம்பர் 15-இல் எத்தேரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், மைனிங்கில் ஓடிய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஃபேன் சத்தம், சூடு இரண்டையும் பார்க்காமல் வாங்கக்கூடாது. கடையிலேயே 20 நிமிடம் கனமான கேம் ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சிப், பஸ் அகலம், மெமரி வகை எல்லாம் தெரியும். பழைய சிப்புக்குப் புதுப்பெயர் ஏற்றிய போலிக் கார்டுகளையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். வாரண்டி மிச்சமிருந்தால் பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

டிரைவரும் பாருங்கள். ஜிடி 730-இன் கெப்லர் வகைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2021-லேயே நின்றுவிட்டது. 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கும் 2025 அக்டோபரோடு முடிந்தது. இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 1650 அதற்கு அடுத்த தலைமுறை என்பதால் தப்பித்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் அவன் மிஷினுக்குப் பொருந்தியவை இரண்டு: தனி கேபிள் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இரண்டாவதுதான் நல்லது, ஆனால் பத்தாயிரத்துக்குள் அடங்கவில்லை. ஞாயிறு வேண்டாம், கடை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போ என்றேன். ஒசூர் வழியாக ரயிலேறி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி 1650-ஐ வாங்கினான். 1650-லும் 6 பின் கேட்கும் மாடல்கள் உண்டு. முதல் கடையில் அதைத்தான் காட்டினார்களாம், பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று ராத்திரி ஜிபியு-இசட் ஸ்க்ரீன்ஷாட் வந்தது. "128 பிட் மாமா, செக் பண்ணிட்டேன்." மிச்சப் பணத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டானாம். அதை அவன் சொல்லவில்லை, அக்காதான் போனில் சொன்னார்.