மிட்டுவுக்கு என்ன ஆச்சு?

குட்டீஸ்... உங்கள் வீட்டில், 'லவ் பேர்ட்ஸ்' இருக்கிறதா? அப்படியானால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள், என் பேத்தி அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"தாத்தா... மிட்டு சாகப் போகுது. கூண்டு முழுக்க இறகாக் கிடக்குது!"

போய்ப் பார்த்தேன். கூண்டின் அடியில் பத்துப் பதினைந்து இறகுகள். மிட்டுவின் தலையில் வெள்ளை வெள்ளையாய் முட்கள்! நெற்றியில் இருந்த கறுப்புக் கோடுகளில் பாதியைக் காணோம்.

"மிட்டுவுக்கு எத்தனை மாசம் ஆகுது?" என்றேன்.

"நாலு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்குப் பால் பல் விழவில்லையா... அதுபோலத்தான் இதுவும்!

நாம், 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்கி வருவது, பெரும்பாலும், 'பட்ஜெரிகர்' என்ற ஆஸ்திரேலியக் குட்டிக் கிளியைத்தான். உண்மையான, 'லவ் பேர்ட்' ஆப்பிரிக்காக்காரர், அவர் வேறு! பட்ஜெரிகரை, 1840ல், உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர், ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர். இதன் குஞ்சுகளுக்கு, மூக்கு வரை கோடுகள் இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் முறையாக இறகு உதிரும்போது, நெற்றிக் கோடுகள் மறைந்து, அந்த இடம் பளிச்சென்று மஞ்சளாகவோ, வெள்ளையாகவோ மாறிவிடும்.

இறகு ஏன் உதிர வேண்டும்? நம் நகம், முடி போல இறகும், 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆனது. முழுதாய் வளர்ந்த இறகுக்கு உயிரில்லை. கிழிந்தால் கிழிந்ததுதான். அதனால், அதே குழியில் புது இறகு முளைத்து, பழையதை வெளியே தள்ளும். எல்லாம் ஒரே நாளில் விழாது. இடது சிறகில் ஒன்று விழுந்தால், வலது சிறகிலும் அதே இடத்து இறகு, முன்னே பின்னே விழும். பறவை ஒருபக்கம் சாயாமல் பறக்க இந்த ஏற்பாடு! காட்டு வாத்துகள் பல, சிறகின் பெரிய இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் பறக்க முடியாமல் ஒளிந்து திரியும்.

அந்த முட்கள்? உறைக்குள் சுருண்டிருக்கும் புது இறகுகள்தான். வளரும்போது அதற்குள் ரத்தம் ஓடும். இது தெரியாமல், சிறுவயதில் நான் ஒரு தப்பு செய்தேன். பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று, எங்கள் வீட்டில் வளர்ந்தது. சிறகில் ஏதோ குத்தியிருக்கிறது என்று நினைத்து, ஒரு முள்ளைப் பிடுங்கிவிட்டேன். ரத்தம் கொட்டியது. அது போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு, அது என் கைக்கு வரவே இல்லை. (நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது, 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிக்காதீர்கள், வாங்காதீர்கள்.)

எனவே, முள்ளைத் தொடாதீர்கள். முற்றியதும், உறை பொடிப்பொடியாய் உதிர்ந்துவிடும். தட்டையான தட்டில் தண்ணீர் வைத்தால், கிளி குளிக்கும். உறை ஊறி இளகும். வெறும் தினை மட்டும் போதாது. இறகு செய்யப் புரதம் வேண்டுமே! கொஞ்சம் அவித்த முட்டை, முளைகட்டிய பச்சைப்பயறு, கொத்தமல்லித்தழை கொடுங்கள். மீந்ததை அன்றே எடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் கிளி கொஞ்சம், 'உர்'ரென்று இருக்கும். தூங்க விடுங்கள்.

தோல் தெரிகிற மாதிரி சொட்டை விழுந்தாலோ, சிறகு, வால் இறகுகள் மொத்தமாகக் கொட்டி, பறக்க முடியாமல் தரையில் ஓடினாலோ, சாப்பிடாமல் உப்பிப் போய் உட்கார்ந்திருந்தாலோ அது நோய். இறகு முளை ஒடிந்து ரத்தம் வந்தால், சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மிட்டுவுக்கு இப்போது நெற்றி முழுக்க மஞ்சள். உதிர்ந்த இறகுகளை என் பேத்தி நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். உங்களுக்கும் ஒன்று கிடைத்தால், நடுவில் விரலால் பிரித்துவிட்டு, நுனியை நோக்கி நீவிப் பாருங்கள்... பிரிந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கொக்கிகளின் வேலை அது! பார்த்த பிறகு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.