அடுப்படியில் உலகம் – 9: நோன்யா வீட்டு அரைப்பு

சிங்கப்பூர்ச் சாப்பாடு என்றதும் உணவங்காடிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் கடைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் அந்த அங்காடிப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த அங்காடிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கடலோரத்தில் ஒரே சட்டிக்குள் கலந்து வெந்த சமையல் ஒன்று உண்டு. அது கடைகளில் பிறந்ததல்ல, வீடுகளில் பிறந்தது. பெரானாக்கான் வீடுகளில்.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களில் தங்கிவிட்ட சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தான் பெரானாக்கான்கள். ஆண்கள் பாபா, பெண்கள் நோன்யா. வீட்டில் மலாய் பேசினார்கள். சீன முறைப்படி முன்னோர்களை வணங்கினார்கள். சட்டியிலும் அப்படியே. மலாய்க்காரர்கள் தொடாத பன்றி இறைச்சியை, மலாய்க்காரர்களின் மசாலாவிலேயே சமைத்தார்கள். மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களுக்கும் இதே கதைதான். மலாக்கா செட்டிகள் என்று அழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்துக்கள், பேசுவது மலாய்.

நோன்யாக்களின் சமையலுக்கு எழுத்தில் கணக்குக் கிடையாது. தாய் கைப்பழக்கத்தில் செய்வாள், மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். கூட்டுக் குடும்பம் கலைந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பிள்ளைகள் போன காலத்தில், அந்தக் கைப்பழக்கத்தை 1974-இல் புத்தகமாக்கினார் ஒரு பெண்மணி. சுவா ஜிம் நியோ என்பது அவர் பெயர். கணவர் பெயரால் திருமதி லீ சின் கூன். அப்போதைய பிரதமர் லீ குவான் இயூவின் தாய். ‘மிஸஸ் லீஸ் குக்புக்’ வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். 2003-இல் பேத்தி ஷெர்மே லீ அதைத் திருத்திப் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். பிரதமரின் தாய் என்பதற்காக அல்ல, வீட்டுக்குள்ளேயே பொத்தி வைத்திருந்த கைப்பக்குவத்தை ஊருக்குத் திறந்துவிட்டார் என்பதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

நோன்யா சமையலுக்கு உயிர் ‘ரெம்பா’ என்னும் ஈர மசாலா. எந்த நோன்யா வீட்டிலும் இருக்கும் லக்சா என்னும் தேங்காய்ப் பால் நூடுல்ஸ் குழம்பையே எடுத்துக்கொள்வோம். அதன் ரெம்பாவுக்கு வேண்டியவை: ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, பேரரத்தை, புவா கெராஸ் என்னும் கொழுப்பு மிகுந்த கொட்டை, ஊறிய காய்ந்த இறால், பெலாச்சான். கடைசியில் சொன்னது இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி. அதைத் தணலில் வாட்டினால் தெருவே மணக்கும். கருவாடு புழங்கும் வீடுகளுக்கு அந்த மணம் அந்நியமாக இருக்காது.

இடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. நாரும் கடினமும் உள்ளவை முதலில், தண்ணீர் விடும் வெங்காயம் கடைசியில். வரிசை மாறினால் எலுமிச்சைப்புல் நாராகவே பல்லில் மாட்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றாமல் முடியாது. அப்படியானால் வதக்கும் நேரம் கூடும். சிறுதீயில், கைவிடாமல், நிறம் கருத்து எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மிதக்கும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாசனை போகாது. பிறகு எத்தனை தேங்காய்ப் பால் ஊற்றினாலும் அதை மறைக்க முடியாது.

மற்றவை சுலபம். இறால் தலையையும் ஓட்டையும் வறுத்துக் கொதிக்கவிட்டு வடித்த சாறு, அதில் முதலில் இரண்டாம் பால், இறக்கும் நேரத்தில் முதல் பால். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடித்த அரிசி நூடுல்ஸ், வேகவைத்த இறால், பொரித்த டோஃபு, முளைப்பயறு. சிங்கப்பூரின் கத்தோங் பகுதியில் நூடுல்ஸைத் துண்டாக நறுக்கிப் போட்டு, வெறும் கரண்டியால் சாப்பிடுவார்கள். எனக்கு அதுவே பிடித்த முறை.

நம் வீடுகளில் இதைச் செய்யும்போது கை தானாகக் கறிவேப்பிலைக்கும் சோம்புக்கும் போகும். வேண்டாம். ருசியாக ஏதோ வரும், லக்சா வராது. புவா கெராஸ் கிடைக்காவிட்டால் முந்திரி போதும். அதன் வேலை குழம்பைக் கெட்டியாக்குவது. முந்திரியும் அதைச் செய்யும். பேரரத்தைக்கு மட்டும் இஞ்சியை மாற்றாதீர்கள், மணமே வேறு. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும், ஊறவைத்து அரைக்கலாம். கேட்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். சித்தரத்தை வேறு, பேரரத்தை வேறு.