பன்னிரண்டை ஐந்தாக்கிய கதை

2023 ஜூலை மாதத்தில் ஓர் இரவு. புனேயில் விடாத மழை. சாக்கனில் இரண்டாவது ஷிப்ட் முடித்து ஒரு மணிக்குள் பிம்பிரி வந்துவிடும் என் மகன், இரண்டு மணியாகியும் வரவில்லை. போன் செய்தால் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று மராட்டியில் ஒரு பெண் குரல். என் மனைவி பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூன்று மணிக்குத் தொப்பலாக நனைந்து, போசரியிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பின் சக்கரம் பஞ்சர். போனில் சார்ஜ் இல்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மறு வாரமே சாலையோரக் கடையில் ஒரு சார்ஜர் வாங்கி, பாட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டான். பத்து நாள் நன்றாக வேலை செய்தது. பதினோராம் நாள் காலையில் வாட்ச்மேன் கதவைத் தட்டினார். கீழே நின்றிருந்த வண்டியிலிருந்து புகை! ஹாண்டிலைத் திருப்பத் திருப்ப ஒயர் உரசி, மேலுறை தேய்ந்து, செம்புக் கம்பி இரும்புச் சட்டத்தில் பட்டிருந்தது. ஒயர் முழுதும் உருகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே பெட்ரோல் டாங்க். கட்டிங் பிளேயரால் ஒயரைத் துண்டித்தபோது என் கை நடுங்கியதை மகன் பார்த்துவிட்டான்.

“இனிமே கடைச் சரக்கு வேண்டாம். நானே செஞ்சு தரேன்” என்றேன். தொழிற்சாலையில் 31 வருடம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன் என்ற தைரியம்தான்.

வண்டியில் இருப்பது 12 வோல்ட்; போனுக்கு வேண்டியது 5 வோல்ட். எங்கள் காலத்தில் இதற்கு ஒரே விடை, 7805 என்ற மூன்று கால் ஐ.சி. அதை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்துக் கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்தவன், “அப்பா, போறப்போ 60 பர்சென்ட், வர்றப்போ 52” என்றான். தொட்டுப் பார்த்தால் பெட்டி கொதித்தது. எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் 14 வோல்ட் வரை இருக்கும். 5 போக மீதி 9 வோல்ட்டை 7805 சூடாக்கியே கழிக்கிறது. ஒரு ஆம்பியர் ஓடினால் போனுக்கு 5 வாட், சூட்டுக்கு 9 வாட்! சூடு மிஞ்சியதும் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். கெட்டிக்கார ஐ.சி.தான், இந்த வேலைக்கு ஆகாது.

இஞ்சினியரிங் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். “ஸ்விட்ச்சிங் முறையில பண்ணுங்கப்பா. நீங்க மிச்சத் தண்ணியையெல்லாம் கீழ கொட்டறீங்க.”

கும்பகோணத்துப் பக்கம் பிறந்த எனக்கு உடனே மடை நினைவுக்கு வந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. வயலுக்குக் கொஞ்சம்தான் வேண்டும். மிச்சத்தை வாங்கிக் கொட்டுவானேன்? மடையைத் திறந்து திறந்து மூடினால் போதுமே! ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டர் செய்வதும் இதுதான். நான் எடுத்துக்கொண்ட எல்.எம்.2596 என்ற ஐ.சி. நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. 14 வோல்ட்டில் 5 எடுக்க, மொத்த நேரத்தில் ஏறக்குறைய 36 சதவீதம் திறந்திருந்தால் போதும். மூடியிருக்கும் நேரத்தில் 33 மைக்ரோ ஹென்றி காயில் ஓட்டம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த ஓட்டத்துக்கு வழிவிட ஒரு ஷாட்கி டயோடு. போன் பக்கம் 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒரு குட்டை மாதிரி நின்று அலையை அடக்குகிறது. போனுக்கு 10 வாட் கொடுக்கப் பாட்டரியிடம் 12, 13 வாட் வாங்கினால் போதும். ஏறக்குறைய ஒரு இண்டிகேட்டர் பல்பின் செலவு.

புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லிக்குப் போய்ச் சாமான்கள் வாங்கி வந்தேன். மகள் எழுதிய பட்டியலில் ‘டி.வி.எஸ். 1’ என்று இருந்ததைப் பார்த்து என் மனைவி, “அது வண்டிக் கம்பெனி இல்லையோ?” என்று கேட்டாள். 1911-இல் மதுரையில் தொடங்கிய அந்த டி.வி.எஸ். வேறு, இந்த டி.வி.எஸ். ஒரு டயோடு. நான் மறந்தே போயிருந்த விஷயம் இதுதான். 12 வோல்ட் என்பது பெயரளவில்தான். செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் 9-க்குக்கூட இறங்கும். ஓடும் வண்டியில் பாட்டரி ஒயர் தளர்ந்துவிட்டால் கண நேரத்தில் பல மடங்கு எகிறும். 2596 தாங்குவது 40 வோல்ட். 24 வோல்ட் டி.வி.எஸ். டயோடு ஒன்றைக் குறுக்கே போட்டால், எகிறுவதைத் தான் வாங்கிக்கொண்டு 33 வோல்ட் அளவில் அமுக்கிவிடும்.

இரண்டாவது பாடத்தை ஊருக்குப் போய்த்தான் படித்தோம். டிசம்பரில் 20 நாள் கும்பகோணம் போய்த் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. போன் மாட்டாவிட்டாலும் இந்த ஐ.சி. சுமார் 5 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 20 நாளில் அது 2.4 ஆம்பியர்-மணி. அந்த வண்டியின் பாட்டரியே 5 ஆம்பியர்-மணிதான். இப்போது கன்வெர்ட்டருக்கு இக்னிஷன் சாவிக்குப் பிறகே கரண்ட் போகிறது. ஆனால் ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுத்துவிடாதீர்கள்; பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது ஏ.சி.

மூன்றாவது, திருகி வோல்ட்டை மாற்றும் ரெடிமேட் போர்டு வேண்டாம். வண்டி குலுங்கும் குலுக்கலில் திருகு நகர்ந்து, 5 வோல்ட் 8 ஆனால் போன் போய்விடும். 5 வோல்ட்டுக்கென்றே வரும் ஐ.சி.யைக் கேட்டு வாங்குங்கள். காயிலையும் கெபாசிட்டரையும் சிலிகான் பசையால் போர்டோடு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பற்றவைத்த இடம் ஒருநாள் விட்டுப்போகும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது ஃப்யூஸ். பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், 2 ஆம்பியர். ஃப்யூஸ் போனைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றவே. கன்வெர்ட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பாட்டரிக்கும் அதற்கும் நடுவே ஒயர் உரசினால் அது என்ன செய்யும்? அன்று எங்கள் வண்டியில் ஐந்து ரூபாய் ஃப்யூஸ் ஒன்று இருந்திருந்தால் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டார். இதை 31 வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் பிள்ளை ஒயர் இழுத்த அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் சார்ஜர் செய்தவனைவிட என்னுடையது.

இப்போது வரும் புது வண்டிகள் பலவற்றில் யு.எஸ்.பி. முனை கம்பெனியிலேயே வருகிறது. உங்கள் வண்டியில் அது இருந்தால் இந்த வேலையே வேண்டாம். இல்லாமல், பிள்ளைகள் தாங்களே ஏதாவது மாட்டியிருந்தால், இன்றே சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃப்யூஸ் இல்லையென்றால் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டியிலேயே வாருங்கள். நான் போட்டுத் தருகிறேன். கூலி ஒரு டம்ளர் டிகிரி காப்பி.

கன்வெர்ட்டர் பொருத்தி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது “கெளம்பிட்டேம்மா” என்று ஒரு போன் வருகிறது. அதன் பிறகும் என் மனைவி தூங்குவதில்லை. ஆனால் பால்கனிக்கு நடப்பதில்லை, உட்கார்ந்தபடி காத்திருக்கிறாள்.