கற்பித்துக் கற்றவர்

நூல் கற்கும் மாணவன் ஆசிரியரிடமிருந்து பெறுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து. இப்பகுதியைப் பாடம் சொல்லுங்கால், “முற்றும் கல்லாதவர் பிறர்க்கு உரைப்பது எங்ஙனம் இயலும்?” என்று மாணவர் சிலர் வினவுவதுண்டு. தக்க வினாவே. அதற்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையைக் காட்டலாம். அவர் உருசிய நாட்டுக் கடற்படையில் அலுவலராய் இருந்தவர்; பின்னர் இசையாசிரியரானவர். நிக்கொலாய் ரிம்ஸ்கி கோர்சகோவ் என்பது அவர் பெயர்.

கோர்சகோவ் 1844ஆம் ஆண்டில் திக்வின் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆறாம் வயதிலேயே பியானோ பயிலத் தொடங்கினார். எனினும் அந்நாளில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது இசையன்று, கடலே. அவரினும் இருபத்திரண்டு ஆண்டு மூத்த தமையனார் கடற்படையில் இருந்தார். அண்ணன்பால் கொண்ட அன்பினால், கடலைக் கண்ணாற் காணுமுன்னரே அதன்மேற் காதல் கொண்டார் தம்பி. 1856இல், தம் பன்னிரண்டாம் வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தார்.

அங்குப் பயிலும் நாளில், 1861ஆம் ஆண்டு, பலாகிரெவ் என்னும் இசையறிஞரின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. பலாகிரெவைச் சூழ்ந்து இளைஞர் சிலர் குழுமியிருந்தனர். ஒருவர் படைவீரராய் இருந்தவர். ஒருவர் வேதியியல் வல்லுநர். ஒருவர் கோட்டை கட்டும் பொறியாளர். இவருள் ஒருவரேனும் இசைக்கல்லூரியிற் பயின்றவர் அல்லர். செவியும் ஆர்வமுமே அவர்கட்குப் பெருந்துணை. அக்குழுவில் கோர்சகோவும் ஒருவரானார். பெரிய இசையமைப்பாகிய சிம்பொனி ஒன்றை இயற்றவும் தொடங்கிவிட்டார்.

அதற்குள் கடல் அவரை அழைத்தது. 1862இல் ‘அல்மாஸ்’ என்னும் கப்பலில் ஏறினார். இங்கிலாந்து, வட அமெரிக்கா, பிரேசில் எனப் பல கரைகளைத் தொட்டு மீள இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின. இங்கிலாந்துத் துறைமுகத்தில் கப்பல் நின்ற நாட்களில் சிம்பொனியின் ஒரு பகுதியை எழுதி அஞ்சலிற் பலாகிரெவுக்கு விடுத்தார். பின்னர் நாள்தோறும் கப்பற் பணியே பணியாக, இசைப்புலவராகும் எண்ணம் அவரை விட்டு மெல்ல நழுவிற்று. 1865இல் ஊர் திரும்பியபின் நண்பர் தூண்ட, அச்சிம்பொனியை முடித்தார். அவ்வாண்டின் இறுதியில் அஃது அரங்கேறியது. கைதட்டிய மக்கள் இயற்றியவரைக் காண விழைந்தபோது, கடற்படை உடையணிந்த இருபத்தோராண்டு இளைஞர் ஒருவர் மேடைக்கு வந்து தலைவணங்கினார். அவையோர் வியப்புற்றதில் வியப்பில்லை.

இனித்தான் நாம் கருதத்தக்க செய்தி வருகின்றது. 1871இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரி அவரைப் பேராசிரியராக வருமாறு அழைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அழைப்பை ஏற்றார், ஆனால் தாம் கற்பிக்க வேண்டியவற்றுட் பலவற்றைத் தாமே முறையாகக் கற்றதில்லை என்பதை விரைவில் உணர்ந்தார். மேனாட்டிசையில் ஒரே நேரத்திற் பல சுரங்கள் இயைந்து ஒலிக்கும். அவ்வியைபின் இலக்கணம் ஹார்மனி எனப்படும். இரண்டு மூன்று இன்னிசைகள் தனித்தனியே நடந்தும் ஒன்றோடொன்று முரணாது செல்லுமாறு பின்னும் கலை கவுண்ட்டர்பாயிண்ட் எனப்படும். சிம்பொனி இயற்றிப் புகழ்பெற்ற கோர்சகோவ், இவ்விரண்டின் தொடக்கப் பயிற்சிகளைக்கூடச் செய்தறியார்! சுர இடைவெளிகள் சிலவற்றின் பெயரும் தமக்குத் தெரியாது என்று பிற்காலத்துத் தம் வரலாற்று நூலில் அவரே மறையாது எழுதியிருக்கின்றார்.

வேறொருவராயின் பதவியைத் துறந்திருப்பர். அல்லது அறியாமையை மறைத்துக் காலங்கழித்திருப்பர். இவர் மூன்றாவது வழியொன்று கண்டார். தம் மாணவர் கற்கும் பாடங்களை அவர்க்கு முன்னே தாம் கற்றார். சில ஆண்டுகள் புதியன இயற்றுவதையும் பெரும்பாலும் ஒதுக்கி, தொடக்க மாணவன்போல் ஏடெடுத்துப் பயிற்சிகள் எழுதினார். ஒரு குரல் தொடங்கிய இசையை மற்றொரு குரல் பின்தொடர்ந்து பற்றுமாறு அமைப்பது ‘ஃபியூக்’; எழுதுதற்கு மிக அரியது. 1875ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட ஃபியூக்குகளை எழுதினார் என்பர். அவற்றுட் சிலவற்றை, மாஸ்கோவில் இசைப்பேராசிரியராயிருந்த சைக்கோவ்ஸ்கிக்கு விடுத்துக் கருத்துக் கேட்டார். இத்துணைப் புகழுடையார் இத்துணை அடக்கமும் உடையராதல் கண்டு சைக்கோவ்ஸ்கி உளம் நெகிழ்ந்தார். பழைய நண்பரோ, இலக்கணம் கற்றால் இயற்கைத் திறன் மழுங்கும் என்று முகஞ்சுளித்தனர். நாற்பதாண்டு வகுப்பில் நின்ற எனக்கு, அந்த அறுபது ஃபியூக்குகளை எண்ணுந்தோறும் அவருடைய சிம்பொனிகளினும் அவையே பெரியனவாய்த் தோன்றுகின்றன.

இக்காலத்தில் மற்றொரு வாய்ப்பும் கிட்டியது. பணியிலுள்ள அலுவலராதலின் 1873 வரை அவர் வகுப்புக்கும் கடற்படை உடையிலேயே சென்றார். அவ்வாண்டு அவரைப் படைப்பணியினின்று விடுவித்து, கடற்படை இசைக்குழுக்களின் மேற்பார்வையாளர் என்னும் பதவியிற் கடற்படையார் அமர்த்தினர். இங்கும் மேசைமுன் அமர்ந்து ஆணையிட அவர் விரும்பவில்லை. குழல், கிளாரினெட், டிராம்போன் ஆகியவற்றைத் தாமே வாங்கி ஊதிப் பழகினார். எக்கருவி எவ்விடத்தில் இனிக்கும், எவ்விடத்தில் வாசிப்பவன் மூச்சுத் திணறுவான் என்பதைத் தம் மூச்சினாலேயே அறிந்தார். 1888இல் அவர் இயற்றிய ‘ஷெஹரசாட்’ என்னும் இசையில், ஆயிரத்தோரிரவுக் கதையின் கடலும் சிந்துபாத்தின் கப்பலும் நம் செவிமுன் எழுகின்றன. அலையைக் கப்பல் தளத்தில் நின்று கண்டவரும், கருவிகளைக் கையாண்டு அறிந்தவரும் ஒருவரே ஆனமையின் விளைவு அது.

1905ஆம் ஆண்டில் உருசியாவிற் கிளர்ச்சி மூண்டது. இசைக்கல்லூரி மாணவரும் வகுப்பை விட்டு வெளியேறினர். கோர்சகோவ் மாணவர் பக்கம் நின்று, கல்லூரியின் ஆட்சி முறையைக் கண்டித்து நாளிதழில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவரைப் பணியினின்று நீக்கினர். உடனே அவருடைய பழைய மாணவராகிய கிளாசுனோவும் லியாதோவும் தம் ஆசிரியப் பதவிகளைத் துறந்தனர். அவ்வாண்டின் இறுதியிற் கிளாசுனோவே கல்லூரித் தலைவரானார். ஆசிரியரும் மீண்டும் வகுப்புக்கு வந்தார்.

சட்டம் பயின்றுகொண்டிருந்த ஸ்திராவின்ஸ்கி என்னும் இளைஞருக்குத் தம் இல்லத்திலேயே பாடம் சொன்னார். தாம் இயற்றிய ஓபராவின் சில பக்கங்களைப் பியானோ வடிவில் மட்டும் கொடுத்து, பல கருவிகளுக்கும் பிரித்தெழுதுமாறு பணிப்பார். எழுதியபின் தம் படியைக் காட்டி, இரண்டும் வேறுபடும் இடங்களை விளக்குவார்.

1908இல் கோர்சகோவ் மறைந்தார். அவர் நினைவாக ஸ்திராவின்ஸ்கி ஓர் இரங்கலிசை இயற்றினார். கருவிகள் ஒவ்வொன்றாய் வந்து, ஆசிரியர் கல்லறைமேல் தத்தம் இன்னிசையை மலர்மாலைபோல் வைத்துச் செல்வதாக அதனை அமைத்தார். 1909இல் ஒருமுறை ஒலித்த அவ்விசையின் ஏடுகள் பின்னர்க் காணாமற்போயின. 2015இல், அக்கல்லூரியின் பழைய அறையொன்றிலிருந்த ஏட்டுக் குவியல்களை அகற்றியபோது அவை வெளிப்பட்டன. மறுவருடம் அந்நகரிலேயே அவ்விசை மீண்டும் ஒலித்தது.