ஆறுதல் சொல்பவருக்கும் ஆறுதல் வேண்டும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பள்ளிவாசல் மௌலவிமாரின் வேலையைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். சுபஹுக்கு முன் எழும்பினால் இஷா முடியும் வரை ஓய்வில்லை. ஓதிக் கொடுப்பது, நிக்காஹ், ஜனாஸா, புருஷன் பெண்சாதி சண்டைக்கு மத்தியஸ்தம், எல்லாம் அவர் தலையில்தான். சம்பளமோ சொற்பம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அந்நேரம் கரையோர மௌலவிமாரும் பறிகொடுத்தவர்கள்தான். ஆனாலும் அழுது தீர்க்க நேரமேது? வரிசையாக மையித்துகள் வந்தன. பிறகு 2020, 2021இல் கொரோனா மையித்துகளை எரித்த காலம். மார்க்கப்படி அடக்க முடியாத குடும்பத்துக்கு என்னத்தைச் சொல்வது? 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும் வரை இந்தப் பாரம்தான்.

தூக்கம் வராமை, சிறு பிள்ளைகள் மீது எரிந்து விழுதல், ஓதும்போது மனம் ஒட்டாமை: இவை மனம் களைத்ததன் அடையாளங்கள். வாய்விட்டுச் சொன்னால் ஈமான் குறைவு என்று நினைப்பது பிழை. பக்கத்து ஊர் மௌலவி ஒருவரிடம் மனம் விட்டுப் பேசலாம். நிர்வாகம் கிழமையில் ஒரு நாள் லீவு கொடுத்து, பதிலுக்கு ஆள் போடட்டும். சம்பளத்தைத் தவணை தப்பாமல் கொடுக்கட்டும். இதுதான் முக்கியம் என்பேன். துஆ மட்டும் கேட்டுப் போகாமல், "சாப்பிட்டீங்களா மௌலவி?" என்று நாமும் கேட்கலாம்.

நம் தோட்டத்துப் பூசாரிக்கும் பாதிரியாருக்கும் இதே கதைதான். முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசலாம்.