திருவண்ணாமலையில் மயங்கி விழுந்த ஆங்கில நாவலாசிரியர்

1938-ம் ஆண்டு. சென்னையில் இருந்து ஒரு கார் திருவண்ணாமலைக்கு வந்தது. சாலையெல்லாம் தூசி. வெயிலோ கடுமை.

ரமணாசிரமத்தின் முன் கார் நின்றது. அதில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். வயது அறுபதுக்கு மேல். மகரிஷிக்குக் கொடுப்பதற்காக ஒரு கூடைப் பழம் கொண்டு வந்திருந்தார்.

ஆனால், மகரிஷியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மயங்கி விழுந்து விட்டார்!

அவர் யார்? ஏன் மயங்கினார்? அந்த ஒரு நாள் பயணத்தின் பலன் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது? சுவையான கதை அது.

டாக்டராகப் படித்தவர்

அவர் பெயர் சாமர்செட் மாம். ஆங்கில நாட்டின் புகழ் பெற்ற எழுத்தாளர். 1874-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். லண்டனில் டாக்டருக்குப் படித்துத் தேறினார். ஆனால் வைத்தியம் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக் கொண்டார். நாவல், சிறுகதை, நாடகம் என்று எழுதிக் குவித்தார்.

எதையும் எளிதில் நம்பாதவர் அவர். கண்ணால் கண்டதைத்தான் எழுதுவார். அப்படிப்பட்டவர் இந்திய ஞானிகளைப் பார்க்க விரும்பி வந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1934-ல், பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் மகரிஷியைப் பற்றி ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தார். அதனால் திருவண்ணாமலையின் பெயர் மேல்நாட்டுக்கு எட்டியிருந்தது.

ஞானியே தேடி வந்தார்

மயங்கிய மாமைத் தூக்கிச் சென்று ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். மேஜர் சாட்விக் என்பவரின் அறை அது. ஆங்கிலப் பட்டாளத்தில் பணியாற்றியவர். எல்லாவற்றையும் விட்டு விட்டு ஆசிரமத்திலேயே தங்கி விட்டவர்.

மாம் கண் விழித்தார். ஆனால் எழுந்து நடக்கத் தெம்பு இல்லை. செய்தி மகரிஷிக்குப் போயிற்று.

பார்க்க வந்தவரால் வர முடியவில்லை. ஆகவே, மகரிஷியே எழுந்து அவர் இருந்த இடத்துக்கு வந்தார்!

இருவரும் எதிர் எதிரே இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. நேரம் சென்றது. மாமுக்குக் கொஞ்சம் தயக்கம். ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டார். தேவை இல்லை, மௌனமும் ஒரு பேச்சுதான் என்ற பொருளில் மகரிஷி பதில் சொன்னார்.

சந்திப்பு அவ்வளவுதான். மகரிஷி போன பிறகு, அவர் வழக்கமாக இருக்கும் கூடத்தைப் பார்க்க மாம் விரும்பினார். காலில் பூட்சு. ஆகவே உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாகவே நன்றாகப் பார்த்துக் கொண்டார்.

ஆறு ஆண்டு கழித்து...

1944-ல் மாமின் புதிய நாவல் வெளிவந்தது. "தி ரேசர்ஸ் எட்ஜ்" என்பது அதன் பெயர். "சவரக் கத்தியின் கூர்முனை" என்று பொருள். லட்சக் கணக்கில் விற்றது.

கதாநாயகன் லாரி, அமெரிக்க வாலிபன். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவன். அவனைக் காப்பாற்றப் போய் அவன் நண்பன் உயிர் விடுகிறான். ஒரு நிமிடம் முன்பு சிரித்துப் பேசியவன், இப்போது பிணம்! லாரியின் மனம் கலங்குகிறது. சாவு என்றால் என்ன? வாழ்வு எதற்கு?

ஊர் திரும்பிய அவனுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது. அழகான பெண்ணும் காத்திருக்கிறாள். இரண்டும் வேண்டாம் என்கிறான். நாடு நாடாக அலைகிறான். கடைசியில் இந்தியாவுக்கு வருகிறான். மதுரைக் கோவிலையும் பார்க்கிறான். ஸ்ரீகணேசர் என்ற ஞானியின் ஆசிரமத்தில் இரண்டு ஆண்டு தங்குகிறான். மலைக்காட்டில் ஒரு நாள் சூரியன் உதிக்கும்போது அவனுக்குத் தெளிவு பிறக்கிறது.

அதன் பிறகு லாரி காவி கட்டவில்லை. தன் நாட்டுக்கே திரும்புகிறான். லாரியோ, டாக்சியோ ஓட்டிப் பிழைக்கலாம் என்று முடிவு செய்கிறான்.

ஸ்ரீகணேசரைப் படைக்கும்போது மாமின் மனதில் இருந்தவர் ரமண மகரிஷிதான் என்று பலரும் கருதுகிறார்கள்.

எமன் வீட்டுத் திண்ணை

நாவலுக்கு ஏன் சவரக் கத்தியின் பெயர்? அது கட உபநிஷத்தில் இருந்து எடுத்தது.

நசிகேதன் என்று ஒரு சிறுவன். அவன் தந்தை யாகம் செய்தார். கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுத்தார். பையனுக்குப் பொறுக்கவில்லை. "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள், அப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தந்தைக்குக் கோபம் வந்தது. "எமனுக்கு!" என்று சொல்லி விட்டார்.

சிறுவன் எமன் வீட்டுக்கே போனான். எமன் இல்லை. மூன்று இரவு சோறு தண்ணீர் இல்லாமல் காத்திருந்தான். திரும்பி வந்த எமன், "விருந்தாளியைப் பட்டினி போட்டு விட்டோமே" என்று வருந்தி மூன்று வரம் தந்தான்.

மூன்றாவது வரமாக, "செத்த பிறகு மனிதன் என்ன ஆகிறான்?" என்று கேட்டான், நசிகேதன். எமன் திகைத்தான். பொன் தருகிறேன், யானை தருகிறேன், நீண்ட ஆயுள் தருகிறேன், அதை மட்டும் கேட்காதே என்றான். சிறுவன் அசையவில்லை. பிறகுதான் எமன் உபதேசம் செய்தான். இந்த உபதேசம் வரும் பகுதியில்தான், ஞானப் பாதை சவரக் கத்தியின் கூர்முனை போல நடப்பதற்குக் கடினமானது என்று வருகிறது.

மதுரைச் சிறுவன்

மகரிஷியின் வாழ்க்கையும் சாவைப் பற்றிய கேள்வியில்தான் திரும்பியது. 1896-ம் ஆண்டு, மதுரை. வெங்கட்ராமன் என்ற பள்ளி மாணவனுக்கு வயது 16. உடம்பில் நோய் இல்லை. திடீரென்று சாவுப் பயம் பிடித்துக் கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போல நீட்டிப் படுத்தான். "உடம்பு செத்தால் நானும் சாகிறேனா?" என்று தன்னையே கேட்டுக் கொண்டான். பயம் போய் விட்டது.

சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக் கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்து விட்டான். செப்டம்பர் 1-ந் தேதி அண்ணாமலையார் சன்னதியில் நின்றான். 1950-ல் காலமாகும் வரை அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

எமனிடம் கேட்டவன் நசிகேதன். தன்னிடமே கேட்டவன் வெங்கட்ராமன். அந்தக் கேள்வியைத்தான் மாம் ஓர் அமெரிக்க வாலிபனின் வாயில் வைத்தார்.

மலை மாறியது

வேடிக்கை என்னவென்றால், நாவலில் திருவண்ணாமலை இல்லை! ஸ்ரீகணேசரின் ஆசிரமத்தைத் திருவாங்கூரில் வைத்து விட்டார், மாம். 1946-ல் நாவல் ஆலிவுட்டில் சினிமாப் படம் ஆயிற்று. டைரோன் பவர் கதாநாயகன். அதில் ஞானி இமயமலைக்கே போய் விட்டார்! 1984-ல் மீண்டும் படமாக வந்தபோதும் பனிமலைதான்.

"மயக்கம், மயக்கம்தான்!"

மாம் மயங்கி விழுந்த செய்தி கை கால் முளைத்துப் பரவியது. மகரிஷியின் அருளால் அவர் சமாதி நிலை அடைந்தார் என்று பலர் பேசிக் கொண்டார்கள்.

மாம் நினைத்திருந்தால் அதை ஒப்புக் கொண்டிருக்கலாம். பெருமையாகவும் இருந்திருக்கும், புத்தகமும் விற்றிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

20 ஆண்டு கழித்து, 1958-ல், மகரிஷியின் வாழ்க்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 84. அந்தக் கட்டுரையில் உண்மையைச் சொன்னார். இப்படி மயங்குவது தனக்குப் புதிது அல்ல, முன்பும் வந்தது உண்டு, அது உடம்புக் கோளாறு என்று எழுதினார்.

அற்புதத்தை மறுத்தார். ஆனால் மனிதரை மறுக்கவில்லை. மகரிஷியின் எளிமையையும் அமைதியையும் மரியாதையோடு எழுதி வைத்தார்.

தனக்குக் கிடைக்காத அனுபவத்தைக் கிடைத்ததாகச் சொல்லாததும் ஒரு பக்திதானே!