புதரடியில் வாழும் கௌதாரி

மயிலுக்குத் தோகை உண்டு, குயிலுக்குக் குரல் உண்டு, கௌதாரிக்கு என்ன உண்டு என்று கேட்பவர்கள், எங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வேலிகாத்தான் புதர்களருகே விடியற்காலையில் சற்று நின்று கேட்க வேண்டும். "கதித்தர், கதித்தர்" என்று ஒன்று உரக்கக் கூவ, ஆற்றங்கரையிலிருந்து இன்னொன்று பதில் கூவும். இந்தியில் இதனைத் 'தீதர்' என்பர். குரலைக் கேட்டால் காரணம் விளங்கும். நம் பழந்தமிழர் இதனைச் 'சிவல்' என்றனர். 1789-ஆம் ஆண்டில் க்மெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இட்ட அறிவியல் பெயரிலோ நம் புதுச்சேரியே இடம்பெற்றிருக்கிறது!

கௌதாரி கோழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 30 சென்டிமீட்டர். உடலெங்கும் சாம்பலும் பழுப்புமாக மெல்லிய வரிகள், வெளிறிய தொண்டையைச் சுற்றி மையிட்டாற்போல் கறுப்புக் கோடு, கால்கள் சிவப்பு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் காலில் கூரிய முள் உண்டு. அசையாமல் பதுங்கிவிட்டால் மண் எது, பறவை எது என்று நமக்குத் தெரியாது.

தரையில் கிளறி உதிர்ந்த தானியம், புல் விதை, வண்டு முதலியவற்றைத் தின்னும். கறையான் என்றால் அதற்கு விருந்து. உழவருக்கு உதவி செய்யும் பறவை என்றே நாங்கள் சொல்வோம். ஆபத்து வந்தால் முதலில் ஓட்டம்தான். வேறு வழியில்லாதபோதே படபடவென்று எழும்பிச் சிறிது தூரம் பறந்து மறுபடி புதருக்குள் இறங்கும். அப்போது வாலின் செம்பழுப்பு பளிச்சென்று தெரியும். பகலெல்லாம் தரையில் திரிந்தாலும், இரவில் முள் மரங்களில் ஏறிக் கூட்டமாக உறங்கும்.

முட்டையிடுவதும் தரையில்தான். புல்லோ முட்புதரோ மறைத்த சிறு பள்ளமே கூடு. அதில் பெரும்பாலும் 6 முதல் 8 முட்டைகள். பொரிந்து வந்த குஞ்சுகள் உடனே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அதுவரை நாய், கீரி, பாம்பு, மனிதர் என எத்தனை பகை! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. இருந்தும் இறைச்சிக்காகக் கண்ணி வைப்போர் உண்டு. சட்டம் கண்ணியைத் தடுக்கலாம், புதரைக் காக்குமா? பெரியவர்கள் 'வெறும் தரிசு' என்று சொல்லும் நிலமே கௌதாரிக்கு வீடு, களஞ்சியம், தொட்டில் எல்லாம். அதைச் சுத்தம் செய்து மனைக்கல் நட்டுவிட்டால், மரத்தில் கூடு கட்டும் காகம் வேறு மரம் தேடிக்கொள்ளும். கௌதாரி முட்டையிட மறைவான தரை வேண்டுமே!